மணவாளக்குறிச்சி மணலும் ஹிரோஷிமாவின் ஒரு நிமிடமும்

“நம்ம கடற்கரை மணல்லயே கதிர்வீச்சு உண்டுல்லா, பிறகு அணுகுண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?” குமரி மாவட்டத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் வேகத்தில் இருக்கிறது.

மணவாளக்குறிச்சி மணலின் கருமைக்குக் காரணம் இல்மனைட் என்ற தாது. கதிர்வீச்சு வருவது அதோடு கலந்துள்ள தேன்நிற மோனசைட் தாதுவிலிருந்து; அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்க உலோகம் பாதியாகச் சிதைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான் அது அடக்கமாக இருக்கிறது. இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலில் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு). மோனசைட் செறிந்த கரையில் இது பல மடங்கு கூடும். ஆனாலும் துளித்துளியாக வருவதால், அறுந்த டி.என்.ஏ. இழைகளைச் சரிசெய்ய செல்களுக்கு நேரம் கிடைக்கிறது.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. ஹிரோஷிமாவுக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் நின்றவர் மீது ஒரே நிமிடத்துக்குள் பாய்ந்தது ஏறத்தாழ 4,000 மில்லிசீவர்ட். உலகச் சராசரிப்படி 1,600 ஆண்டுகளுக்கும் மேல் இயற்கையிலிருந்து வரும் பங்கு அது! இந்த அளவில், சிகிச்சை கிடைக்காவிட்டால் இருவரில் ஒருவர் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோவார். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், ஈறில் ரத்தம் கசியும், சிறு புண்கூட ஆறாமல் சீழ்வைக்கும்.

ஆனால் அந்தத் தூரத்தில் பலருக்கு அதுவரை உயிரே இல்லை. குண்டின் ஆற்றலில் பாதி அதிர்வலையாகவும் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவும் போனது. வெடிப்புக்கு நேர்கீழே தரை 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இரண்டு கிலோமீட்டர் வரை மரவீடுகள் சரிந்து எரிந்தன. மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பெரும்பாலோர் இறந்தோ காயப்பட்டோ கிடந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள்.

பிறகு கறுப்பு மழை பெய்தது: தீயின் கரியும் கதிரியக்கத் தூசும் கலந்த நீர். குண்டு தரையிலேயே வெடித்தால் மண்ணையும் உறிஞ்சி மேலேற்றும். விழும் தூசு பல மடங்காகும். அதன் வீரியம், நேரம் ஏழு மடங்காகும்போது பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணி நேரத்தில் 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1. அதனால்தான் முதல் இரண்டு நாள் கான்கிரீட் வீட்டின் உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது என்கிறார்கள். வெளியே நின்றவர் உடுப்பை உதறாமல் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். மூடாத கிணற்று நீரும் வெளியில் காயும் கருவாடும் ஆகாது. புல் மேய்ந்த பசுவின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தூசிலுள்ள, எட்டு நாளில் பாதியாகும் அயோடின்-131 பாலின் வழியே தைராய்டில் போய்ச் சேரும். அதே தூசிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90 பாதியாக 29 ஆண்டுகள் ஆகும். உடல் அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.