முழங்கால் முடிவு செய்யும் ஆட்டக்காலம்

2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தில் ஹாத்தார்ன் அணியை வீழ்த்திக் கோப்பையை வென்ற சிட்னி ஸ்வான்ஸ் அணியில் அலெக்ஸ் ஜான்சன் என்ற இருபது வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். அவர் தமது அடுத்த முதல்நிலை ஆட்டத்தை ஆடியது 2018 ஆகஸ்டில். இடைப்பட்ட கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளில், இடது முழங்காலில் அறுந்துபோன ஒரே ஒரு தசைநாருக்காக அவருக்கு ஐந்து முறை மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்து ஆடிய இரண்டாவது ஆட்டத்திலேயே வலது முழங்காலில் அதே தசைநார் அறுந்தது. ஏஎஃப்எல் எனப்படும் அந்த உச்ச நிலைப் போட்டியில் அவர் பிறகு ஆடவில்லை.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்த நார் எப்போது அறுகிறது, ஏன் எளிதில் ஒட்டுவதில்லை என்பவை உடலியல் நன்றாக விளக்கியிருக்கும் கேள்விகள். அவற்றுக்கான விடைகளில் ஆட்டக்காரரின் உடலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு புல்லுக்கும் விதிப் புத்தகத்துக்கும் உண்டு.

முதலில் ஆட்டத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். நீள்வட்டமான இதன் மைதானத்துக்கு ஒரே அளவு கிடையாது. 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை நீளம் இருக்கலாம். நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். பந்துக்கு முன்னால் நிற்கத் தடைபோடும் ஆஃப்சைடு விதி இல்லாததால் எதிராளி எந்தத் திசையிலிருந்தும் வந்து மோதலாம். உயரே எம்பிப் பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்குவதும், முழு வேகத்தில் ஓடும்போதே திடீரெனத் திசை மாற்றுவதும் ஆட்டம் முழுக்க நிகழ்கின்றன. பதினெட்டு வயதில், அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வழியாகத் தேர்வாகி உள்ளே வரும் ஓர் இளைஞர், ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இதையே செய்ய வேண்டும்.

ஜான்சனுக்கு அறுந்த அந்த நாரின் பெயர் முன் சிலுவைத் தசைநார். அது தொடையெலும்பின் பின்பகுதியில் தொடங்கி, மூட்டின் குறுக்காகச் சாய்ந்து இறங்கி, கீழ்க்காலெலும்பின் முன்பகுதியில் சேர்கிறது. கீழ்க்காலெலும்பு முன்னோக்கி வழுகாமலும், அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும் நிலையில் பாதம் தரையில் ஊன்றி நின்றுவிட, மேலுடல் மட்டும் வேறு திசைக்குத் திரும்பினால், முழங்கால் உட்புறமாக மடிந்து, இழுவையும் திருகலும் ஒரே நேரத்தில் அந்த நாரின் மேல் விழுகின்றன. பாதம் தரையைத் தொட்டு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே நார் அறுந்துவிடக்கூடும். மூளை ஆபத்தை உணர்ந்து தசைக்கு ஆணையிட அந்த நேரம் போதாது. ஆகவே காப்பாற்றக்கூடியது, தரையைத் தொடும் முன்பே தசைகள் இறுகித் தயாராக இருக்கும் பழக்கம் மட்டுமே. பெரும்பாலான வேளைகளில் எதிராளி அந்தக் காலைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அறுந்த நார் தானாக நன்றாக ஒட்டுவது அரிது. மற்ற இடங்களில் காயத்தைச் சுற்றி உறையும் இரத்தமே புதிய திசு வளர்வதற்கான அடித்தளம் ஆகிறது. மூட்டுக்குள்ளோ அங்குள்ள திரவம் அந்த உறைவை நிலைக்க விடுவதில்லை. எனவே அறுவை மருத்துவர், நோயாளியின் தொடைப் பின்தசையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டுப் பொருத்துகிறார். இதற்குப் பின் நடப்பது பலருக்கும் தெரியாத ஒன்று. பொருத்திய நாணுக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் அதன் செல்கள் முதல் சில வாரங்களில் மடிந்துபோகின்றன. சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் மெல்ல நுழைந்து, பழைய இழைகளைக் கரைத்துப் புதியவற்றை நெய்கின்றன. இந்தப் புதுப்பிப்பின் நடுவில் அந்த நாண், பொருத்திய அன்று இருந்ததைவிட வலுக் குறைந்திருக்கும். வீக்கம் வடிந்து, வலி போய், ஆட்டக்காரர் நேர்கோட்டில் ஓடத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஒன்பது மாதத்துக்கு முன்பே களம் திரும்புவோருக்கு மீண்டும் காயம் படும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் காத்திருப்பைக் குறுக்க ஒரு முயற்சி நடந்தது. சிட்னி அணி ஆட்டக்காரர் நிக் மல்செஸ்கி 2008இல் லார்ஸ் எனும் பாலியெஸ்டர் இழை நாரைப் பொருத்திக்கொண்டு அதே ஆட்டப் பருவத்தில் திரும்பியபோது, நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் உயிருள்ள நாண் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். செயற்கை இழை தேய மட்டுமே செய்யும். அந்த முறைக்கு இருந்த வரவேற்பு சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது.

சிகிச்சையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது தடுப்பு. ஏஎஃப்எல் 1990களின் தொடக்கத்திலிருந்து காயங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் உடனிருந்தவர்களும் அந்தத் தரவுகளை வானிலையோடும் மைதானத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மழை குறைந்து தரை உலர்ந்திருக்கும் ஆட்டப் பருவத் தொடக்கத்திலும், வெப்பமான வடபகுதி மைதானங்களிலும் இந்தத் தசைநார்க் காயங்கள் அதிகமாக இருந்தன. புல்லின் வகையும் முக்கியம் என்று தெரிந்தது. அங்கே கவுச் என்று அழைக்கப்படுவது நம் அருகம்புல்லேதான். அதன் தண்டுகள் தரையோடு படர்ந்து பின்னி ஓர் அடர்ந்த மெத்தையாகிவிடுவதால், காலணியின் அடிக்குமிழ்கள் அதில் ஆழமாகச் சிக்கிக்கொள்கின்றன. ரை புல் அப்படிப் பின்னுவதில்லை. திரும்பும்போது பாதம் சற்று நழுவ இடம் கொடுக்கிறது. ரை புல் மைதானங்களில் இந்தக் காயம் குறைவாகவே பதிவானது. பிடிமானம் கூடினால் வேகம் கூடும் என்று ஆட்டக்காரர் விரும்புவது இயல்பே. முழங்காலுக்கோ அந்தப் பிடிமானம்தான் பகை.

விதி மாற்றத்தின் வலிமைக்கும் ஓர் அருமையான சான்று உண்டு. நடுவட்டத்தில் ஆட்டம் தொடங்கும்போது பந்துக்காக எம்பிப் போட்டியிடும் இரு அணிகளின் நெட்டையான ரக் ஆட்டக்காரர்கள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஓடிவந்து, முழங்காலை முன்நீட்டி எம்பி மோதிக்கொள்வார்கள். கீழ்க்காலெலும்பின் முன்புறம் விழும் அடி அதைப் பின்னோக்கித் தள்ள, முன் சிலுவைத் தசைநாரைக் குறுக்கே கடந்து அதன் பின்னால் இருக்கும் பின் சிலுவைத் தசைநார் சேதமடையும். அவர்கள் 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளிருந்தே புறப்பட வேண்டும் என்று 2005இல் விதி வந்தது. ஓடிவரும் தூரம் குறைந்ததால் மோதும் வேகம் குறைந்தது. அந்தக் காயமும் வெகுவாகக் குறைந்தது. தரையில் வரைந்த ஒரு சுண்ணாம்புக் கோடு செய்த வேலை இது.

2017இல் தொடங்கிய பெண்கள் போட்டியில் முன் சிலுவைத் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகம். 2019 இறுதி ஆட்டத்தில், அடிலெய்டு ஓவல் மைதானத்தில் திரண்டிருந்த 53,034 பேர் முன்னிலையில் அடிலெய்டு அணியின் இணைத்தலைவர் எரின் ஃபிலிப்ஸின் முழங்கால் அப்படித்தான் போனது. இடுப்பெலும்பின் அமைப்பு, இயக்குநீர் மாற்றங்கள் ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் உடலமைப்பை மட்டும் குறைகூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறுவயது முதல் இந்த ஆட்டத்திலேயே வளர்ந்த ஆண்களைப் போலன்றி, முதல் பருவங்களில் ஆடிய பெண்களில் பலர் வேறு விளையாட்டுகளிலிருந்து வந்தவர்கள். ஆண்டின் பெரும்பகுதி வேறு வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி எடுத்தவர்கள். மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட பயிற்சித் திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. எம்பி இறங்கும்போது முழங்காலை மடக்கி வாங்கிக்கொள்வது, திரும்பும் முன் சிறு அடிகளாக வைத்து வேகத்தைத் தணிப்பது, மோதலை எதிர்பார்த்து உடலைத் தாழ்த்திக்கொள்வது ஆகியவை ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும், உள்ளூர்ச் சிறுமியர் அணிகள் வரை, கற்பிக்கப்படுகின்றன.