கண்ணில் இருப்பது நாடாப்புழுவா, புழுப்பையா?

‘ஆக்குலர் சிஸ்டிசெர்கோசிஸ்’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கண் நாடாப்புழு நோய்’ என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாடாப்புழு என்றதும் மீட்டர் கணக்கில் நீளும் தட்டைப் புழுதான் நினைவுக்கு வரும், அது வாழ்வது மனிதக் குடலில். கண்ணுக்குப் போவது அதன் இளம்புழு, அதுவும் நீர் நிறைந்த ஒரு சின்னப் பைக்குள் தலையை உள்ளிழுத்துக்கொண்டு இருக்கும்.

‘சிஸ்டிசெர்கோசிஸ்’ என்ற சொல்லைப் பிரித்தாலே இது தெரிந்துவிடும். கிரேக்க மொழியில் ‘கிஸ்டிஸ்’ என்றால் பை, ‘கெர்கோஸ்’ என்றால் வால். வால் பக்கம் பையாக உப்பிய புழு, அவ்வளவுதான். பன்றி இறைச்சியில் கிடந்த இந்தப் பைகளை ஒரு காலத்தில் தனி உயிரினம் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் கியூஷன்மைஸ்டர் செய்த சோதனைகளுக்கு அப்புறம்தான் இது ‘டீனியா சோலியம்’ என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் என்று உறுதியானது. (டீனியா என்றாலும் நாடாதான், அந்த இடத்தில் நம் சொல் கச்சிதம்.)

பித்தப்பை, இரைப்பை, கருப்பை என்று பையை வைத்தே உடம்பின் பாகங்களைச் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. அதனால் ‘கண் புழுப்பை நோய்’ என்பதே என் பரிந்துரை.

‘நான் பன்றிக்கறியே தொடுவதில்லை, எனக்கு எப்படி?’ என்ற கேள்வி வரும். சரியாக வேகாத பன்றிக்கறியிலுள்ள புழுப்பையைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ அதே ஆளின் வயிற்றுக்குள்ளோ போனால்தான் புழுப்பை நோய். முட்டையிலிருந்து வெளிவரும் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு மூளைக்கோ தசைக்கோ கண்ணுக்கோ போய்த் தங்கிவிடும். சைவம் சாப்பிடுபவருக்கும் வரும் என்பது இதனால்தான்.

இந்தியாவில் இது கண்ணை அசைக்கும் தசைகளில்தான் அதிகம் தெரியவருகிறது: வீக்கம், சிவப்பு, கண்ணைத் திருப்பினால் வலி, ஒன்று இரண்டாகத் தெரிவது. அதற்குப் பெரும்பாலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் மாத்திரையாகவே கொடுப்பார்கள். விழிக்குள்ளேயே பை இருந்தால் கதை வேறு. அங்கே மருந்தால் புழு செத்தால் கடும் அழற்சி கிளம்பி பார்வையே போகலாம், ஆகவே அறுவை செய்து எடுப்பதுதான் வழக்கம். ‘நாடாப்புழு’ என்ற பெயரைக் கேட்டதும் கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கத் தோன்றும் என்பதும் அந்தப் பெயர்மேல் எனக்குள்ள வருத்தம்.