பணம் வாங்காமல் வரைந்த படம்: உரிமை யாருக்கு, எழுதிக்கொள்வது எப்படி?

சிற்றிதழ் அட்டை, வாசகர் வட்டத்தின் சின்னம், நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கான கோட்டோவியங்கள், அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர் என்று ஓவியர்கள் காசு வாங்காமல் செய்துகொடுக்கும் வேலைக்கு அளவே இல்லை. கேட்பவர் உரிமையோடு கேட்கிறார். வரைபவர் மனமுவந்து வரைகிறார். சிக்கல் சில ஆண்டுகள் கழித்து வருகிறது. அதே படம் நாட்காட்டியில் அச்சாகிறது, பனியனில் ஏறுகிறது, வேறொரு பதிப்பாளரின் நூலுக்கு அட்டையாகிறது. "சும்மா கொடுத்ததுதானே" என்கிறது ஒரு தரப்பு. "இதற்காகவா கொடுத்தேன்" என்கிறது மறுதரப்பு. நல்ல நட்புகள் இப்படி முறிவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பக்கக் கடிதத்தில் தடுத்திருக்கக்கூடிய முறிவு இது.

இந்தியாவில் இதை ஆள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஓவியம், கோட்டுச்சித்திரம், சிற்பம், ஒளிப்படம், வரைபடம் எல்லாம் இச்சட்டத்தின் பார்வையில் கலைப்படைப்புகளே. கலைத்தரம் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. ஆறு வயதுக் குழந்தை வரைந்த யானைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வரைந்து முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

உரிமையின் முதல் சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்வது 17ஆவது பிரிவு. பொது விதிப்படி படைத்தவரே சொந்தக்காரர். விதிவிலக்குகளில் ஒன்றைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், மதிப்புள்ள கைம்மாறு பெற்றுக்கொண்டு ஓவியமோ உருவப்படமோ வரையப்பட்டால், ஒளிப்படம் எடுக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவரே முதல் உரிமையாளர். அதாவது கூலி வாங்கி வரைந்தவர் உரிமையை இழக்கக்கூடும். கூலி வாங்காமல் வரைந்தவரிடம் அது முழுமையாக நிற்கிறது. இலவசமாகக் கொடுத்ததால் உரிமையும் போய்விட்டது என்ற பொது நம்பிக்கை சட்டத்துக்கு நேர் எதிரானது. மூலப்படத்தையே சட்டகத்தில் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்தாலும், பெற்றவர் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அச்சிட்டு விற்க முடியாது.

ஆனால் இரண்டு இடங்களில் இந்தப் பாதுகாப்பு நழுவும். பயணச் செலவு, வண்ணங்களுக்கான பணம், இதழின் சில பிரதிகள் போன்றவையே கைம்மாறுதான் என்று பின்னாளில் யாராவது வாதிடலாம். இன்னொன்று அரசுப் பணி. அரசின் பணிப்பிலோ கட்டுப்பாட்டிலோ உருவாகும் படைப்புக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், அரசே முதல் உரிமையாளர். இதற்குப் பணம் கைமாறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அரசு நிறுவனங்களுக்கும் இதே போன்ற விதி உண்டு. ஒரு துறையின் விழிப்புணர்வு இயக்கத்துக்குத் தன்னார்வலராகச் சுவரொட்டி வரையப்போகும் மாணவர்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, "பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும்" என்ற ஒரு வரியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இனி எழுதிக்கொள்ளும் முறை. இரண்டு வழிகள் இருக்கின்றன. உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த அனுமதி தருவது உரிமம். உரிமையையே தூக்கிக் கொடுப்பது உரிமை மாற்றம். அட்டைப்படம், உள்ளோவியம், சுவரொட்டி ஆகியவற்றுக்கு உரிமம் தாராளமாகப் போதும். இவற்றுக்கு முழு உரிமையையும் எழுதிக் கேட்கும் அமைப்புகள் தேவைக்கு மேல் கேட்கின்றன என்பதே என் கருத்து; தயங்காமல் மறுக்கலாம்.

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமத்துக்குக் கையொப்பம் கட்டாயமில்லை. மின்னணு ஆவணங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பதால் தெளிவான ஒரு மின்னஞ்சலே போதும். ஆனால் அதில் எந்தப் படம், என்னென்ன பயன்பாடு, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்ற நான்கும் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமை மாற்றத்துக்கு எழுதப்பட்ட இவ்விதிகள் தேவையான மாறுதல்களோடு உரிமத்துக்கும் பொருந்தும். மின்னூலாகவும் வெளியாகி வெளிநாட்டு வாசகர்களுக்கும் போய்ச்சேரும் இதழ் என்றால் "இந்தியா மட்டும்" என்பது இதழுக்கே இடைஞ்சல்.

கடிதம் இப்படி இருக்கலாம்: "இத்துடன் இணைத்துள்ள, நான் வரைந்த படத்தை உங்கள் இதழின் பொங்கல் சிறப்பிதழ் அட்டையிலும், அதே இதழின் மின்பதிப்பிலும், அந்த இதழுக்கான விளம்பரங்களிலும் உலகம் முழுவதும் பயன்படுத்த 3 ஆண்டுகளுக்குக் கட்டணமின்றி அனுமதிக்கிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். என் பெயர் படத்துடன் அச்சாக வேண்டும். வெட்டவோ நிறம் மாற்றவோ என் ஒப்புதல் தேவை. வேறு பொருள்களில் அச்சிடவோ பிறருக்குக் கொடுக்கவோ தனி அனுமதி பெற வேண்டும். படத்துக்காகப் பெறும் பிரதிகளோ செலவுத் தொகையோ உரிமைக்கான விலை ஆகாது." அமைப்பின் சார்பில் "ஏற்கிறோம்" என்று ஒரு பதில் வந்தால் வேலை முடிந்தது. குழந்தைகளின் ஓவியங்களைத் தொகுத்து நூலாக்கும் பள்ளிகள் இந்தக் கடிதத்தைப் பெற்றோரிடம் வாங்க வேண்டும்; 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது.

அமைப்பின் சின்னம் மட்டும் வேறு கதை. அதை வணிகக்குறியாகப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும், காலாகாலத்துக்கும் பயன்படுத்த வேண்டியிருக்கும். இங்கே உரிமை மாற்றமே நேர்மையான ஏற்பாடு. அதில் ஓவியரின் கையொப்பம் கட்டாயம். "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்று எழுதாவிட்டால் அமைப்பு 5 ஆண்டில் தன் சின்னத்தின் மீதான உரிமையையே இழக்கும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர, மாற்றம் காலாவதியாகிவிடும். கைம்மாறு என்ன என்பதையும் ஆவணம் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி கைம்மாறே இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால் தொகை குறைவு என்பதற்காக மட்டும் எதுவும் செல்லாமல் போகாது. எனவே இலவசம் என்று விட்டுவிடாமல் 100 ரூபாயாவது கொடுத்து, அதை எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

எல்லா உரிமையையும் கொடுத்த பிறகும் ஓவியரிடம் எஞ்சுவது 57ஆவது பிரிவு தரும் தார்மீக உரிமை: இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும். மத்திய அரசின் மாநாட்டு அரங்கமான தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கலைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு. அதே பிரிவு ஓர் எல்லையையும் வகுக்கிறது: படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விட்டார்கள் என்பது மட்டும் மீறல் ஆகாது.

ஊருக்கே பொதுவாகக் கொடுத்துவிட விரும்புபவர்கள், சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பார்க்கலாம். ஒருமுறை அவ்வாறு வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. விக்கிப்பீடியாவுக்கான பொதுப் படக்கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற வேண்டுமானால் வணிகப் பயன்பாட்டையும் மாற்றம் செய்வதையும் அனுமதிக்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மீறல் நடந்துவிட்டால், முதலில் அந்தக் கடிதத்தின் நகலோடு அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் எதிர்த்தரப்பின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஓவியர் தான் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 62ஆவது பிரிவு வழிசெய்கிறது. தெரிந்தே மீறுவது குற்றமும்கூட; 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் 63ஆவது பிரிவில் உண்டு.