செட்டிநாட்டு வீட்டை அருங்காட்சியகமாக்கும் முன்: சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கச் சில குடும்பங்கள் முன்வருகின்றன. மனம் நிறையும் செய்தி. ஆனால், திறப்பு விழா நாளைக் குறித்துவிட்டு அவசரத்தில் பார்க்கும் மராமத்துதான் இந்த வீடுகளுக்குப் பெரிய ஆபத்து.

சுவரில் ஈரம் தெரிந்ததும் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சுவருக்குள் செருகிய பர்மா தேக்கு உத்தரத்தின் முனை வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். ஈர மரத்தைத் தேடிக் கரையானும் வரும்.

ஆகவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஓட்டுச் சரிவுகள் கூடும் இடத்தில் சருகு அடைத்திருக்கலாம், முற்றத்து வடிகால் தூர்ந்திருக்கலாம், தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டு வீட்டின் அடித்தளம் தாழ்ந்திருக்கலாம். இவற்றைப் புரட்டாசிக்குள் முடித்தால் ஐப்பசி மழையில் சோதித்துவிடலாம். பிறகு சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

பூச்சுக்கு, நீற்றிச் சில வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரமாவது காக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பளபளப்புப் பூச்சு எங்கே மிச்சம் இருந்தாலும் அதன்மேல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். மெல்லிய ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. கறை போக ஆசிட் ஊற்றினால் மேல்நிறமே அரிபட்டுப் போய்விடும். பார்வையாளர் காலில் வரும் மணலும் கீறும். திண்ணையிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

பொருள்களைப் பற்றி ஒன்று. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள், மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் பிரித்துக் கொடுத்தவை. சீர்ச் சாமான்களை எல்லாம் திரட்டி முகப்பில் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுக்கினால், எது எந்த அறையில் இருந்தது என்ற விவரம் போய்விடும். ஒரு பொருளை நகர்த்தும் முன் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, எண் எழுதிய துணிச்சீட்டைக் கட்டி, பேரேட்டில் பதியுங்கள். பங்காளிகளில் யாருக்கு உரியது என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பட்டுத்துணி, கணக்கேடு, அச்சுப் படங்கள் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அதிகமான வெளிச்சம் விழக் கூடாது. முற்றத்து வெயில் எட்டாத உள் அறைதான் அவற்றுக்குச் சரியான இடம்.