இத்தாலிய பைக் வாங்கும் முன் காலண்டரைப் பாருங்கள்

சென்னையில் பெரிய பைக்குகளுக்கு மட்டும் சர்வீஸ் செய்யும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். புதிதாக டுகாட்டியோ ஏப்ரிலியாவோ வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் என்னிடம் வந்து கேட்பது வழக்கம். எத்தனை குதிரைத்திறன், மைலேஜ் எவ்வளவு, ஸ்பேர் கிடைக்குமா, விற்றால் என்ன விலை போகும் என்றெல்லாம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: மாதத்தில் எத்தனை நாள் இந்த வண்டியை வெளியே எடுப்பீர்கள்?

என்னிடம் பெரிய செலவோடு வந்து நிற்கும் இத்தாலிய பைக்குகளில் பெரும்பாலானவை அதிகம் ஓடாதவை. வாங்கி மூன்று, நான்கு ஆண்டு ஆகியிருக்கும், மீட்டரில் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் இருக்கும். வாராவாரம் ஓட்டுகிறவர்களின் வண்டி வழக்கமான சர்வீஸுக்கு வந்துவிட்டுப் போய்விடும். வாங்கும்போது மாடலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை, வண்டி எப்படி நிற்கப் போகிறது என்பதற்கும் கொடுங்கள்.

முதலில் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது. நான் இங்கே பேசும் இத்தாலிய பைக்குகள் 350 சிசிக்கு மேல்தான், எனவே இதிலிருந்து தப்ப வழியில்லை. முழுதாக இறக்குமதியாகும் வண்டிக்குச் சுங்க வரி தனி. அதற்கு மேல் சாலை வரி, ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டிய தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். ஆகவே எக்ஸ்‌ஷோரூம் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாமல் ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். அதோடு முதல் ஐந்து ஆண்டுக்கான சர்வீஸ் அட்டவணையையும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் உத்தேசமாக என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர ஒரு ஷோரூம் தயங்கினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா இத்தாலிய பைக்கும் இத்தாலியில் செய்யப்படுவதில்லை. டுகாட்டியின் தாய்வீடு பொலோனியா நகரின் போர்கோ பனிகாலே. ஆனால் தாய்லாந்தின் ரயோங்கிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இசட்.டி.எம். (ZDM) என்று தொடங்கினால் இத்தாலி, எம்.எல். (ML) என்றால் தாய்லாந்து. ஏப்ரிலியா ஆர்எஸ் 457 மகாராஷ்டிரத்தின் பாராமதியில், அதன் தாய் நிறுவனமான பியாஜியோவின் ஆலையில் செய்யப்படுகிறது. 2023 டிசம்பரில் 4.10 லட்சம் எக்ஸ்‌ஷோரூம் விலையில் வந்தது. இத்தாலிய பைக்கின் வாசலை நம் ஆட்களுக்குத் திறந்துவிட்ட வண்டி என்று அதைச் சொல்வேன். பெனெல்லி 1911-இல் பெசாரோவில் பிறந்த பெயர், ஆனால் 2005 முதல் சீனாவின் சியான்ஜியாங் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எங்கே செய்தார்கள் என்பதால் தரம் குறைந்துவிடாது. ஸ்பேர் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும் என்பதுதான் அங்கே மாறுகிறது.

அதனால் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் தூரத்தைப் பாருங்கள். நெல்லையிலோ தஞ்சாவூரிலோ இருப்பவருக்கு ஒவ்வொரு சர்வீஸும் ஒரு பயணம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்க வண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிவரும். வெளிநாட்டு பைக் கம்பெனிகள் இந்தியக் கூட்டாளியை மாற்றிக்கொள்வதும், சில காலம் ஸ்பேர் வரத்து நின்றுபோவதும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ஏற்கெனவே அதே மாடலை வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடைசியாக எந்த ஸ்பேருக்கு எத்தனை நாள் காத்திருந்தார் என்று கேளுங்கள். இதற்கு விற்பனைப் பிரிவில் கிடைக்கும் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி டுகாட்டியின் டெஸ்மோ எஞ்சினைப் பற்றி. பலர் பெயரைக் கேட்டே பயப்படுகிறார்கள், சிலர் கேள்விப்படாமலே வாங்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக, புகை வெளியேற வழிவிடும் கதவுதான் வால்வ். சாதாரண எஞ்சினில் கேம்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். டெஸ்மோவில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர் ஆர்ம், அதாவது சின்ன நெம்புகோல், உண்டு. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடாமல் இருக்க, ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் 1956-இல் ரேஸ் பைக்குக்காக டுகாட்டியில் இதைக் கொண்டுவந்தார். அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டர், எட்டு வால்வ் உள்ள எஞ்சினில் 16 அளவுகள். நான்கு சிலிண்டர், 16 வால்வ் உள்ள பனிகாலே வி4 மாடலில் 32. அளவு தவறினால் ஷிம் என்ற சின்ன உலோக வில்லையை மாற்றி, மறுபடி அளந்து, மறுபடி மூட வேண்டும். அந்த பில்லில் பெரும்பகுதி ஸ்பேரின் விலை இல்லை, வேலை செய்பவரின் நேரம்.

இந்த வேலை எப்போது வரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 803 சிசி ஸ்கிராம்ப்ளரில் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. 937 சிசி மான்ஸ்டரில் 30,000. பனிகாலே வி4-இல் 24,000. மல்டிஸ்ட்ராடா வி4-இல் டெஸ்மோவையே விட்டுவிட்டு ஸ்பிரிங் வால்வுக்கு மாறினார்கள், அதில் 60,000 கிலோமீட்டர் வரை வால்வைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. புதிய 890 சிசி வி2 எஞ்சினிலும் ஸ்பிரிங்தான், 45,000. ஆண்டுக்கு நிறைய ஊர் சுற்றப் போகிறவருக்கு நான் மல்டிஸ்ட்ராடா வி4-ஐச் சொல்வது இதனால்தான். விலை அதிகம், ஆனால் எஞ்சினைத் திறக்கும் செலவு வெகு தொலைவில் இருக்கிறது.

ஸ்கிராம்ப்ளர், 937 போன்ற எஞ்சின்களில் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. இப்போதைய மாடல்களில் ஐந்து ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அது. இங்கேதான் என்னோடு அதிகம் வாதாடுவார்கள்.

"அண்ணே, வண்டி ஆறாயிரம்கூட ஓடலையே, அதுக்குள்ள எதுக்கு பெல்ட்?"

"தம்பி, ரப்பருக்கு மீட்டர் தெரியாது. வருஷம் ஆச்சுன்னா ஆச்சுதான்."

பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அப்புறம் நாம் பேசுவது பெல்ட்டின் விலையை இல்லை, எஞ்சினின் விலையை. எஞ்சின் ஆயிலும் இப்படித்தான். 15,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்று போட்டிருந்தால், ஓடாத வண்டிக்கும் 12-ஆவது மாதம் ஆயில் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இரண்டு ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். கிளட்ச்சும் ஹைட்ராலிக் என்றால் அந்த ஆயில் இன்னும் சீக்கிரம் கறுத்துவிடும். லீவருக்கு அருகிலுள்ள சிறு டப்பாவை மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும்.

நிற்கும் வண்டியில் முதலில் போவது பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், அலாரம், கடிகாரம் எல்லாம் துளித்துளியாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். நன்றாக இருக்கும் ஈய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்து குறைந்து வரும் பேட்டரியில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் டிஸ்ப்ளேயில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். சென்சார் போய்விட்டது என்று பயந்து ஓடிவருவார்கள், பார்த்தால் பேட்டரிதான். பேட்டரியைப் பராமரிக்கும் தானியங்கி சார்ஜர் ஒன்றைப் பைக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சில மாடல்களில் லித்தியம் பேட்டரி வருகிறது, அதற்கு அதற்கேற்ற சார்ஜர்தான் போட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட்டுக்கு அசோசியேஷனிடம் அனுமதி வாங்கிவிட்டு பைக்கை புக் செய்யுங்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் மாதாமாதம் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது பலரின் வழக்கம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஸ்டார்ட் ஆக பேட்டரியிலிருந்து போன மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறாது. ஆயில் முழுச் சூட்டுக்கு வராததால், எஞ்சினுக்குள் உருவாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கும். சைலன்சருக்குள்ளும் தண்ணீர் நிற்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முடியாதென்றால் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடாமல் விடுங்கள். அரைகுறையாகச் சூடாக்குவது இரண்டையும்விட மோசம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை டேங்க் காலியாகிறவர் இதை நினைக்கவே வேண்டாம். மூன்று மாதம் நிறுத்தப் போகிறவர் நினைக்க வேண்டும். பாடி கவருக்குள் எலி கூடு கட்டி வயரைக் கடிப்பதும் என்னிடம் அடிக்கடி வரும் கேஸ். வாரண்டி அதற்குப் பணம் தராது. பேஸ்மென்ட்டில் நிறுத்துகிறவர்கள் டிசம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்த்து வண்டியை மேட்டுக்கு நகர்த்தி வையுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை பார்க்கிங் முழுகியது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். முழுகிய வண்டியில் ஒருமுறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எஞ்சினை முறுக்காமல், அதே சமயம் ஒரே வேகத்திலும் பிடித்துவைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆர்.பி.எம். எல்லை உங்கள் கையேட்டில் இருக்கும். ஆயிரத்தில் முதல் சர்வீஸ், அதைத் தள்ளிப்போடக் கூடாது. புது டயரில் முதல் நூறு கிலோமீட்டர் வளைவுகளில் படுக்க வைக்க வேண்டாம்.

ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம், அதாவது பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் கை, உள்ள மாடல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பின்சக்கரம் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. பல டுகாட்டிகளில் அதை 230 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். சாதாரண பைக்கின் பின் ஆக்ஸிலுக்குத் தேவைப்படுவதைப் போல் இரு மடங்குக்கும் மேல். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் அந்த அளவு சாக்கெட்டோ, அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சோ இருக்காது. உளியும் சுத்தியலும் வைத்துத் திறந்த நட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. டயர் டியூப்லெஸ்தானே, சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து அடைக்கும் கிட்டும் ஒரு சின்ன பம்ப்பும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். வீடு வந்து சேர அது போதும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அண்ணா சாலை சிக்னலில் மே மாதம் நிற்கும்போது பின் சிலிண்டரின் வெப்பம் தொடையில் ஏறும், அது பழுது இல்லை. மல்டிஸ்ட்ராடா வி4 போன்றவற்றில் ஐடிலில் பின் சிலிண்டர்கள் தாமாகவே அணைந்து கொஞ்சம் ஆறுதல் தரும். ஃபேன் சுற்றாமல் வெப்பநிலை ஏறிக்கொண்டே போனால் மட்டும் ஓரம் கட்டி அணையுங்கள். தினமும் தி.நகர் வழியாக அலுவலகம் போக இது ஒன்றுதான் வண்டி என்றால், வேறு வண்டியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சத்தத்துக்காக சைலன்சரை மாற்றுவது, வெளியில் ஃபாக் லேம்ப் வாங்கி வயரை வெட்டி ஒட்டுவது ஆகிய இரண்டுக்கும் வாரண்டி காலத்தில் கை வைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை போடுகிறது. வெட்டி ஒட்டிய ஒரு வயர் இந்த வண்டிகளின் மின்னணுவையே குழப்பிவிடும், அந்தக் குழப்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

வண்டியைக் கையில் வாங்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுப்பதற்கு முன், சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். அது பொதுவாக வண்டியின் ஆண்டைக் காட்டும்: ஆங்கில எழுத்து ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஷோரூமில் நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் புது பேட்டரி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டு சாவியும் கையில் வர வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செல்ஃப் பட்டனை அமுக்கிப் பார்க்காதீர்கள். கவரை எடுத்து, சீட்டைத் திறந்து, எலி வேலை ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரி வோல்ட்டை அளந்து, இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள். டயர் காற்று, பிரேக் ஆயில் நிறம், தரையில் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, கடைசி பில்லின் தேதிக்கும் இன்றைய தேதிக்கும் நடுவே எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் சர்வீஸுக்கு ஃபோன் போடுங்கள்.