சுடுமல்லியை ஏமாற்றும் வேர்

படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடித்தே கைக்காசு கரைகிறது, மருந்தைக் குறைத்துக்கொண்டு விளைச்சல் எடுத்த இடம் எங்காவது உண்டா என்று பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உண்டு. மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டி, ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் 1990களின் பிற்பாதியிலிருந்து இதைச் செய்துவருகின்றன. நைரோபியிலுள்ள இசிபே பூச்சியியல் மையத்தின் ஜியாவுர் கானும், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் பிக்கெட்டும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி, வயலோரம் நேப்பியர் புல். டெஸ்மோடியம் தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விலக்கும், நேப்பியர் தன் பக்கம் இழுக்கும். இருட்டத் தொடங்கி, பூச்சி முட்டையிட இடம் தேடும் நேரத்தில் புல்லின் மணம் பல மடங்கு கூடுகிறது. அங்கே பொரித்த புழு தண்டைக் குடைந்தால் பிசின் போன்ற சாறு கசியும். பெரும்பாலான புழுக்கள் அதில் சிக்கிச் செத்துப்போகின்றன. வறட்சி தாங்கும் பிராக்கியேரியா புல்லை ஓரத்தில் வைத்த வயல்களில் படைப்புழுச் சேதமும் வெகுவாகக் குறைந்திருந்ததாக 2018-ல் ஆய்வு வெளியானது.

சரி, இதைவிட அழகான வேலை மண்ணுக்கடியில் நடக்கிறது. நம் சோளக் காட்டில் வரும் சுடுமல்லியின் இனம்தான் அங்கே மக்காச்சோளத்தின் வேரை உறிஞ்சும் களை. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். தூசி மாதிரியான அந்த விதை பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் மக்காச்சோளத்தின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுத் தனக்கு உதவும் பூஞ்சைகளை அழைக்கிறது. அந்த அழைப்பைச் சுடுமல்லி விதை ஒட்டுக்கேட்டு முளைக்கிறது. மண் எவ்வளவுக்கு மெலிந்ததோ, அழைப்பும் அவ்வளவுக்குக் கூடும். ஏழை விவசாயியின் நிலத்தில் இந்தக் களை இவ்வளவு ஆட்டம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டெஸ்மோடியத்தின் வேர் இங்கேதான் புகுந்து விளையாடுகிறது. அதன் கசிவில் சில பொருள்கள் சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டுகின்றன. வேறு சில, முளைத்து வந்த வேர் வளர்ந்து பயிரைப் பற்றவிடாமல் தடுக்கின்றன. அந்த விதைக்குள் இருக்கும் சேமிப்போ சில நாள்களுக்குத்தான். பற்ற வேர் கிடைக்காமல் அது பட்டுப்போகிறது. ஆண்டுக்காண்டு மண்ணிலுள்ள விதை இருப்பே கரைகிறது. இத்தனைக்கும், பூச்சிக்காக நட்ட செடி களையையும் ஒழித்ததைப் பார்த்த பிறகுதான் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள்.

காற்றிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) டெஸ்மோடியம் மண்ணுக்குக் கொண்டுவரும். புல்லும் செடியும் மாட்டுக்குத் தீவனம், சாணம் திரும்ப வயலுக்கு. நூற்றுக்கணக்கான ஏக்கரில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவருக்கு நடுவரிசைச் செடி இடைஞ்சல். கையால் களையெடுத்து, மாடும் வைத்திருப்பவருக்கு அதுவே வருமானம். சிறு நிலத்தைப் பின்தங்கியது என்று ஒதுக்குவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

சிரமமும் உண்டு. டெஸ்மோடியம் விதை எளிதில் கிடைக்காது, முதல் பருவத்தில் களையெடுப்பு அதிகம். அப்புறம், ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும் செடியை வருடந்தோறும் மூட்டை கட்டி விற்க முடியாது, எந்த நிறுவனம் இதற்குப் பணம் போடும்? அரசு ஆராய்ச்சி நிலையங்கள்தான் போட வேண்டும். பெரம்பலூர் மண்ணுக்கும் மழைக்கும் எந்தப் பயறு, எந்தப் புல் ஒத்துவரும் என்பதை விவசாயிகளின் காட்டிலேயே நாலைந்து பருவம் நட்டுப் பார்க்க, பெரிய செலவு ஒன்றும் ஆகாது.