ஹோங்ஹுவா குங்குமப்பூ இல்லை, குசும்பா

சீன மருத்துவம் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் "மாதவிடாய் வலிக்குச் சீனர்கள் குங்குமப்பூ குடிக்கிறார்கள்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. தப்பு. அவர்கள் குடிப்பது ஹோங்ஹுவா. ஹோங் என்றால் சிவப்பு, ஹுவா என்றால் பூ. தாவரவியலில் கார்த்தமஸ் டிங்டோரியஸ், தமிழில் குசும்பா. வடமொழிக் குசும்பம்தான் மூலம்.

ஆங்கிலத்தில் சாஃப்ளவர், சாஃப்ரான் என்று இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த வினை இது. சாஃப்ரான்தான் குங்குமப்பூ, குரோக்கஸ் பூவின் சூல்முடி. குசும்பா சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாலே தெரியும்: குங்குமப்பூ இழை ஒரு முனையில் ஊதுகுழல் வாய் போல விரிந்திருக்கும், குசும்பாவோ மெல்லிய குழாய், நுனி ஐந்தாகப் பிளந்திருக்கும்.

சீனர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. குங்குமப்பூவை ஸாங்ஹோங்ஹுவா, அதாவது திபெத்துச் சிவப்புப் பூ என்று தனியாகச் சொல்கிறார்கள், திபெத் வழியாக வந்ததால். அவர்களுடைய மருந்து நூலில் அளவும் வேறு: குசும்பா 3 முதல் 10 கிராம், குங்குமப்பூ 1 முதல் 3 கிராம்தான். பெயரை மாற்றிவிட்டு அளவை மட்டும் அப்படியே எழுதினால் என்ன ஆகும்? அதுவும் கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிற நம் ஊரில்! ஹோங்ஹுவா, தேங்கிய ரத்தத்தை ஓடவைக்கும் மருந்து என்பது சீன வைத்தியக் கணக்கு, அதனால்தான் மாதவிடாய் வலிக்கும் ரத்தக்கட்டுக்கும் கொடுக்கிறார்கள், அதனாலேயே கர்ப்பிணிக்குக் கூடாது என்கிறார்கள். குங்குமப்பூவுக்கும் அங்கே அந்த எச்சரிக்கை உண்டு, அதையும் தமிழில் எழுதுகிறவர்கள் சொல்வதில்லை.

சிலர் சமரசமாகக் குசும்பாவைப் "போலிக் குங்குமப்பூ" என்கிறார்கள். இது எனக்கு இன்னும் கோபம். கலப்படக்காரன் ஒன்றை இன்னொன்றாக விற்றால் பழியைச் செடி சுமக்கணுமா? மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் எண்ணெய்க்காகவே விளைகிற பயிர் அது, எதற்கும் போலி இல்லை. குசும்பா வடசொல், வேண்டாம் என்பவர்கள் "செம்பூ" என்கிறார்கள். எந்தச் செம்பூ? செம்பருத்தியும் சிவப்புதானே. தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனால் மருந்துப் பெயரில் எந்தச் செடி என்று தெரிவதுதான் முதலில்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் பக்கத்து வரியைப் பார்த்து எழுதாமல் தாவரவியல் பெயரைத் தேடுங்கள். கார்த்தமஸ் என்று இருந்தால் குசும்பா, குரோக்கஸ் என்று இருந்தால் மட்டும் குங்குமப்பூ.